பழைய வீராவுக்குப் பதிலாக எந்தக் கார்: ஜாஸ் ஹைபிரிட்டா, பெஸ்ஸாவா?

வணக்கம் சகோதரி. நீங்கள் கேட்டிருப்பதை நான் விளங்கிக் கொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் 1997-ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா 1.5 இருக்கிறது. கடந்த இரண்டு மாதங்களில் அது இரண்டு முறை சூடேறி வழியில் நின்றுவிட்டது. எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்ய 3,500 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்று பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்மண் பாதை நாலு கிலோமீட்டர் உள்ளே போகும் தோட்டத்தில் குடியிருக்கிறீர்கள். வேலை ஈப்போவில் ஒரு மருத்துவமனையில். வாரத்தில் மூன்று நாள் அம்மாவை டயாலிசிஸ் நிலையத்துக்கு அழைத்துப் போய்க் கூட்டி வரவும் வேண்டும். கையிருப்பும் கடனும் சேர்த்து 32,000 வெள்ளிக்கு மேல் முடியாது. பார்த்து வைத்திருக்கும் கார்கள் இரண்டு: 22,000 வெள்ளிக்கு 2013-ஆம் ஆண்டு ஹோண்டா ஜாஸ் ஹைபிரிட் ஒன்று, 31,000 வெள்ளிக்கு 2018-ஆம் ஆண்டு பெரோடுவா பெஸ்ஸா 1.3 ஒன்று. பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்து உழைக்கும் ஹைபிரிட் வாங்கினால் பெட்ரோல் மிச்சமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு, நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. டயாலிசிஸ் முடிந்து களைத்துப் போன அம்மாவை வைத்துக் கொண்டு வெயிலில் சாலையோரம் நிற்க நேராத கார் எது, அதை உங்கள் சம்பளத்தில் வைத்துக் காப்பாற்ற முடியுமா என்பதே அது. அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் ஈப்போவில் தொழிற்பயிற்சி முடித்துவிட்டு இருபத்தேழு ஆண்டுகளாக இந்தப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். தோட்டங்களிலிருந்து வரும் கார்கள்தான் என் வேலையில் பெரும்பகுதி. ஆகவே எஞ்சின், கியர் பெட்டி, அடிப்பாகம், குளிர்சாதனம் பற்றிச் சொல்பவை என் கை பட்ட அனுபவம். ஹைபிரிட் கார்களில் நான் செய்வதற்கு ஓர் எல்லை உண்டு. ஆரஞ்சு நிற உறை போட்ட கம்பிகள் உயர் அழுத்த மின்சாரம் போகும் கம்பிகள். அவற்றைத் தொடும் வேலையை நான் ஏற்பதில்லை, அதற்கென்று பயின்றவர்களிடம் அனுப்பிவிடுவேன். நீங்கள் குறிப்பிட்ட இரண்டு கார்களையும் நான் கண்ணால் பார்க்கவில்லை என்பதையும் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். படங்களைப் பார்த்து ஒரு காரின் உடல்நிலையைச் சொல்ல யாராலும் முடியாது.

வீராவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைச் சரிசெய்து ஓட்டலாமா என்பதும் உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அதில் இருக்கும் மிட்சுபிஷி 4ஜி15 எஞ்சின் நல்ல எஞ்சின். உதிரிப் பாகங்கள் இன்றும் சுலபமாகக் கிடைக்கின்றன. ஒரே ஒரு முறை சூடேறி, உடனே நிறுத்தியிருந்தால், ரேடியேட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் தண்ணீர்ப் பம்பையும் மாற்றி இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுங்கள் என்றே சொல்லியிருப்பேன். இரண்டு முறை நின்றுபோகும் அளவுக்குச் சூடேறியிருப்பதால் எஞ்சின் தலைப்பகுதி வளைந்திருக்க வாய்ப்புண்டு. அதைச் சீவிச் சமன் செய்து, கேஸ்கட் மாற்றி மாட்டினாலும், ஏறக்குறைய முப்பது ஆண்டு ஓடிய காரில் அடுத்தது கியர் பெட்டியா, குளிர்சாதனக் கம்ப்ரசரா, அடித்தகட்டின் துருவா என்று தெரியாது. காற்றுப்பையும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக் கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாத காரில் நீங்கள் நாள்தோறும் லாரிகளுக்கு நடுவே ஈப்போவுக்குப் போய் வருகிறீர்கள் என்பதும் எனக்கு உறுத்துகிறது. அந்த 3,500 வெள்ளியை வீராவில் போடாதீர்கள். அடுத்த கார் எதுவானாலும், வாங்கிய முதல் மாதத்தில் அதற்குச் செய்ய வேண்டிய பராமரிப்புக்கு அந்தப் பணத்தில் ஒரு பகுதி கட்டாயம் தேவைப்படும்.

இப்போது பெட்ரோல் கணக்கு. உங்கள் வீட்டிலிருந்து ஈப்போவுக்குப் போக வர ஏறத்தாழ 60 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் பயணமும் கடைத்தெரு ஓட்டமும் சேர்த்து ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். பழைய கூட்டரசுச் சாலையில் நிதானமாக ஓட்டினால் 1.3 லிட்டர் பெஸ்ஸா லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் என்றும், அதே சாலையில் நல்ல நிலையில் உள்ள ஜாஸ் ஹைபிரிட் 18 கொடுக்கும் என்றும் எடுத்துக் கொள்கிறேன். பட்டறைக்கு வருபவர்கள் சொல்வதும் நான் ஓட்டிப் பார்த்ததும் ஏறக்குறைய இந்த அளவுதான். முதல் காருக்கு ஆண்டுக்கு 1,333 லிட்டர், இரண்டாவதற்கு 1,111 லிட்டர். வித்தியாசம் 222 லிட்டர். 2025 செப்டம்பர் 30 முதல், அரசாங்கத்தின் பெட்ரோல் உதவித்தொகைத் திட்டமான புடி95-இல் ரோன்95 ரகப் பெட்ரோல் குடிமக்களுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 சென்னுக்குத் தரப்பட்டது. அந்த விலையில் கணக்கிட்டால் ஆண்டுக்கு 442 வெள்ளி, மாதத்துக்கு 37 வெள்ளி மிச்சம். உதவித்தொகை இல்லாத விலையாக அப்போது இருந்த 2 வெள்ளி 60 சென்னை வைத்துப் போட்டாலும் மாதத்துக்கு ஏறக்குறைய 48 வெள்ளிதான். சாலை வரியிலும் லாபமில்லை. தீபகற்பத்தில் சாலை வரி எஞ்சின் அளவைப் பொறுத்தது. 1,201 முதல் 1,400 சிசி வரை 70 வெள்ளி, இரண்டு கார்களும் அந்த வரம்புக்குள்தான் வருகின்றன.

மாதம் 37 வெள்ளி சிறு தொகை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு சம்பளம் இல்லாத வீட்டில் அது ஒரு வாரத்துக் காய்கறி. ஆனால் அந்த மிச்சத்துக்கு எதிர்ப்பக்கத்தில் என்ன நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதுதான் பேட்டரி. ஹைபிரிட் பேட்டரி போனால் மாற்றுச் செலவு, புதியதா, பிரித்துப் புதுப்பித்ததா, பழைய காரிலிருந்து கழற்றியதா என்பதைப் பொறுத்து மிகவும் மாறும். எப்படிப் பார்த்தாலும் ஆயிரக் கணக்கில்தான் வரும். 4,000 வெள்ளி என்று வைத்துக் கொண்டால், பெட்ரோலில் மிச்சம் பிடித்து அந்தப் பணத்தை எடுக்க ஒன்பது ஆண்டுகள் ஆகும். அந்த ஒன்பது ஆண்டு முடியும்போது காருக்கு வயது இருபதைத் தாண்டியிருக்கும். விலை வித்தியாசம் 9,000 வெள்ளி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, ஜாஸின் பக்கம் உள்ள மிகப் பெரிய வாதமே அதுதான், அதற்குப் பின்னால் வருகிறேன்.

இவ்வளவு பழைய ஹைபிரிட் கார்கள் இன்று சந்தையில் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2011 முதல் 2013 இறுதி வரை, 2,000 சிசிக்கு உட்பட்ட ஹைபிரிட் கார்களுக்கு இறக்குமதி வரியையும் கலால் வரியையும் அரசாங்கம் விலக்கிக் கொண்டது. அப்போதுதான் ஹோண்டா இன்சைட், டொயோட்டா பிரியஸ் சி, ஜாஸ் ஹைபிரிட் எல்லாம் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டும் விலையில் வந்து குவிந்தன. அன்று புதிதாக வாங்கியவர்கள் உத்தரவாதக் காலம் முழுவதும் சுகமாக ஓட்டினார்கள். இன்று அந்தக் கார்களுக்கு வயது பன்னிரண்டுக்கு மேல். உத்தரவாதம் முடிந்து, இரண்டு மூன்று கை மாறியவை பல. ஹைபிரிட் என்றாலே எல்லாம் ஒன்று என்று நினைக்கவும் வேண்டாம். டொயோட்டா முறையில் மோட்டார் மட்டுமே காரை மெதுவாக நகர்த்த முடியும். அதன் கியர் அமைப்பில் பெல்ட் கிடையாது, பற்சக்கரங்கள்தான், அதனால் அது நீண்ட நாள் உழைக்கும். 2013 ஜாஸில் இருப்பது ஐஎம்ஏ என்னும் முறை. எஞ்சினோடு சேர்ந்தே சுழலும் மெல்லிய மோட்டார் ஒன்று 10 கிலோவாட் அளவுக்குத் தோள் கொடுக்கும், அவ்வளவுதான். பின்னால் பெட்டித் தளத்துக்கு அடியில் 100.8 வோல்ட் நிக்கல் பேட்டரி இருக்கிறது. கியர் பெட்டி பெல்ட் வகை சிவிடி, அதாவது படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக விகிதம் மாறும் தானியங்கி. அதற்குரிய எண்ணெயைக் காலத்தில் மாற்றாமல் ஓட்டியிருந்தால், பேட்டரி நன்றாக இருந்தாலும் செலவு அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

நிக்கல் பேட்டரிக்கு எதிரி வெப்பம். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் வெப்பம்தான். கதவை அடைத்து வெயிலில் நிறுத்திய காருக்குள் கை வைக்க முடியாது. பேட்டரியைக் குளிர்விக்க ஒரு சிறிய விசிறி பயணிகள் பகுதியிலிருந்து காற்றை உறிஞ்சி அனுப்புகிறது. அந்தக் காற்றோடு என்ன போகிறது என்பதில்தான் தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று தன் ஹைபிரிட் காரைக் கொண்டு வந்தார். எந்த நிறுவனத்துக் கார் என்பது இங்கே தேவையில்லை. பராமரிப்பு பற்றிய விஷயம் இது. உயர் அழுத்தத்தை முறையாகத் துண்டிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரை வரவழைத்து, அவர் கழற்ற நான் பக்கத்தில் நின்றேன். விசிறியின் இறக்கைகளில் செம்மண் தூசி களிமண்ணைப் போல அப்பியிருந்தது. காற்றுக் குழாய்க்குள் இருக்கைப் பஞ்சும், காய்ந்த புல்லும், எலிப் புழுக்கையும். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமே இல்லை. அவற்றைப் பிடிக்கவே நிர்வாகத்தார் கூண்டு கட்டிக் கூகைகளை வளர்க்கிறார்கள். அந்த எலிகளில் ஒன்று அங்கே குடித்தனம் நடத்தியிருக்கிறது. விசிறி முக்கால்வாசி அடைபட்ட நிலையில் எத்தனை மாதம் ஓடியதோ, பேட்டரியின் நடுப்பகுதிச் செல்கள் வெந்து போயிருந்தன. ஆண்டுக்கு ஒரு முறை அந்த வடிகட்டியை ஊதித் துடைத்திருந்தால் அந்தப் பேட்டரி இன்னும் உயிரோடு இருந்திருக்கும் என்று நம்புகிறேன். காரை விற்றவர் அப்படி ஒரு வடிகட்டி இருப்பதையே அவரிடம் சொல்லவில்லை. நாலு கிலோமீட்டர் செம்மண் பாதையில் தினமும் போய் வருபவர் நீங்கள். நிச்சயம் உங்களுக்கும் இப்படி நடக்கும் என்று இதைச் சொல்லவில்லை. ஜாஸ் வாங்குவதானால் இந்த வேலை உங்கள் தலையில் ஏறும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படியும் ஜாஸைத்தான் விரும்பினால், பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். காலையில், எஞ்சின் ஆறியிருக்கும் நேரத்தில் போங்கள். நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக் கொள்ளுங்கள். ஐஎம்ஏ காரில் எஞ்சினை எழுப்புவது வழக்கமாக அந்த ஹைபிரிட் மோட்டார்தான்; சாவியைத் திருப்பியதும் சத்தமில்லாமல், சட்டென்று எழும். நம் பழைய கார்களைப் போல கர்ர்ர் என்று ஸ்டார்ட்டர் சுற்றும் ஒலி கேட்டால், பெரிய பேட்டரி அந்த வேலையைச் செய்ய மறுக்கிறது, சிறிய 12 வோல்ட் ஸ்டார்ட்டர் உதவிக்கு வந்திருக்கிறது என்று சந்தேகப்பட இடமுண்டு. பிறகு குளிர்சாதனத்தைப் போட்டு அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். ஒரு மேட்டில் ஏறி இறங்குங்கள். டேஷ்போர்டில் பேட்டரி அளவு காட்டும் கோடுகள் மெதுவாக ஏறி இறங்குவது இயல்பு. ஐந்து ஆறு கோடு இருந்தது திடீரென்று ஒன்றுக்கு விழுந்து, கார் இழுவை குறைந்து, உடனே எஞ்சின் அவசரமாகச் சார்ஜ் ஏற்றத் தொடங்கினால் அந்தப் பேட்டரி தன் கொள்ளளவை இழந்துவிட்டது. இன்னொரு தந்திரமும் நடக்கிறது. வாங்குபவர் வருவதற்கு முன், கணினியை மாட்டிப் பிழைக் குறிகளை அழித்து விளக்கை அணைத்துவிடுவார்கள். ஸ்கேன் கருவி வைத்திருக்கும் போர்மென் (மெக்கானிக்) ஒருவரைக் கூட்டிப் போனால், அண்மையில் அழிக்கப்பட்டதா என்பதை அவர் கண்டுபிடிப்பார். அழித்த பிறகு கார் தன்னைத்தானே பரிசோதிக்கும் சோதனைகள் பலவும் முடியாத நிலையில் கிடக்கும், போதிய தூரம் ஓடினால்தான் அவை முடிந்ததாகக் காட்டும்.

ஜாஸானாலும் வேறு எந்தப் பழைய காரானாலும் ஒரு விஷயத்தில் நான் விட்டுக் கொடுக்க மாட்டேன். தக்காதா நிறுவனம் செய்த காற்றுப்பைகளில் உள்ள வெடிபொருள் நாள்பட்ட வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப் போகிறது. பிறகு மோதல் நடக்கும்போது பை விரிவதோடு, உலோகக் கூடும் வெடித்துச் சில்லுகள் ஓட்டுபவர் மேல் பாய்கின்றன. நம் தட்பவெப்பம் அதற்கு மிகவும் மோசமான தட்பவெப்பம். 2014 ஜூலையில் சரவாக்கின் சிபுவில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் இப்படித்தான் உயிரிழந்தார். அமெரிக்காவுக்கு வெளியே பதிவான முதல் மரணம் அது. அந்தக் காலத்து ஹோண்டா மாடல்கள் பலவும், வேறு நிறுவனங்களின் கார்களும் திரும்ப அழைக்கப்பட்டு, பை இலவசமாக மாற்றித் தரப்படுகிறது. ஆனால் இரண்டு மூன்று கை மாறிய கார்களுக்கு அந்த அழைப்புக் கடிதம் போய்ச் சேருவதில்லை. சாசி எண்ணை வாங்கி, நிறுவனத்தின் இணையப் பக்கத்திலோ சேவை மையத்திலோ சரிபாருங்கள். மாற்றியாகிவிட்டது என்ற பதில் வராதவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

இனி பெஸ்ஸா. அது 2016-இல் வந்த மாடல், 1.3 எஞ்சின் எளிமையானது, டைமிங் செயின் வகை, நாலு வேக சாதாரணத் தானியங்கிக் கியர் பெட்டி. எந்தத் தோட்டத்துப் பட்டறையிலும் கை வைக்கக் கூடிய கார், உதிரிப் பாகம் கேட்ட நாளே கிடைக்கும். உங்கள் நிலையில் இதற்குத் தனி மதிப்பு உண்டு: செவ்வாய்க் கிழமை கார் நின்றால் வியாழக்கிழமை டயாலிசிசுக்கு அது ஓடியாக வேண்டும். பின்பெட்டி 508 லிட்டர், மடக்கும் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பெஸ்ஸாவின் இருக்கை ஜாஸை விடத் தாழ்வு. முழங்கால் வலி உள்ளவர்களும், சிகிச்சை முடிந்து தலை சுற்றும் நிலையில் உள்ளவர்களும் உயர்ந்த இருக்கையில் நேராக உட்கார்ந்து எழுவது சுலபம். வாங்குமுன் அம்மாவைக் கூட்டிப் போய், முன் இருக்கையில் உட்கார வைத்து, தாமே எழுந்து இறங்க முடிகிறதா என்று பாருங்கள். இதில் தோற்றால் மற்ற கணக்கெல்லாம் வீண். அப்போது அதே விலையில் சற்று உயரமான பெரோடுவா மைவியைத் தேடலாம், வயது ஓராண்டு கூடினாலும் பரவாயில்லை.

2018 காருக்கு மீட்டர் எத்தனை காட்டுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் நான் அதை அப்படியே நம்பியிருக்க மாட்டேன், மீட்டரைக் குறைப்பது அவ்வளவு சுலபம். மிதிப்பலகை ரப்பரின் தேய்மானம், ஸ்டியரிங் மேல்தோலின் பளபளப்பு, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஆகிய மூன்றும் மீட்டர் சொல்லும் கதையோடு ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள். சேவைப் புத்தகம் இருந்தால், கடைசியாக முத்திரை குத்திய சேவை மையத்துக்கு உரிமையாளரே பேசி, அங்கே பதிவான கிலோமீட்டரைக் கேட்கச் சொல்லுங்கள். டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வயதைத் தாண்டிய டயர் என்றால் நாலு டயரின் விலையைப் பேரத்தில் கழியுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய கார்களும் சந்தையில் உலவுகின்றன. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் பக்கம் மூழ்கியவை எத்தனையோ. இருக்கை வாரை முழுதாகக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கழுவும்போது வெளியே இருக்கும் பகுதியைத் துடைப்பார்கள். உருளைக்குள் சுருண்டு கிடக்கும் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை கோடு போட்டது போல அப்படியே இருக்கும். மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியையும் தரைவிரிப்புக்கு அடியையும் முகர்ந்து பாருங்கள். முன் பானெட்டைத் திறந்து, பக்கத் தகடுகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உரிந்திருந்தால் அந்தத் தகடு ஒரு முறையாவது கழன்றிருக்கிறது; ஏன் என்று கேளுங்கள். அடிப்பாகத்தில் அப்சார்பர், லோவர் ஆர்ம் புஷ், டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் உறை, இந்த மூன்றும் நம் பாதைகளில் எந்தச் சிறிய காருக்கும் இந்த வயதில் தேயும். அதற்காகக் காரை நிராகரிக்க வேண்டாம், விலையில் பேசுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை நிலையத்தில் பரிசோதனை செய்தாக வேண்டும். அது தேர்ச்சி பெற்றுவிட்டது, ஆகவே கார் நல்ல கார் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அந்தப் பரிசோதனை சாசி எண், எஞ்சின் எண், பிரேக், புகை, அடிப்பாகம் போன்றவற்றைப் பார்ப்பது. எஞ்சின் எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது, கியர் பெட்டி இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும், ஹைபிரிட் பேட்டரியில் எவ்வளவு சக்தி மிச்சம் என்பதெல்லாம் அதில் தெரியாது. பதிவுச் சான்றில் வங்கியின் உரிமைக் கோரல் இன்னும் இருக்கிறதா, போக்குவரத்துச் சம்மன் பாக்கியால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே பெயர் மாற்றத்தைத் தடுத்து வைத்திருக்கிறதா என்பதை முன்பணத்துக்கு முன்பே கேட்டுக் கொள்ளுங்கள். கடன் விஷயத்தில் ஜாஸுக்கு ஒரு தடை இருக்கிறது. வங்கிகள் காரின் வயதைப் பார்த்தே தவணைக் காலத்தைத் தீர்மானிக்கின்றன. பன்னிரண்டு வயதைத் தாண்டிய காருக்குக் குறுகிய காலமும் கூடுதல் வட்டியும் சொல்வார்கள், சில இடங்களில் கடனே கிடைக்காது. 22,000 வெள்ளிக் காருக்கு மாதத் தவணை 31,000 வெள்ளிக் காரின் தவணைக்கு அருகில் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த 9,000 வெள்ளி வித்தியாசம் உங்கள் கையில் உண்மையில் எவ்வளவாக மிஞ்சும் என்பதை, இரண்டு காருக்கும் வங்கியில் தனித்தனியாகத் தவணையை எழுதி வாங்கிய பிறகே முடிவு செய்யுங்கள்.

நான் உறுதியாகச் சொல்லக் கூடியது எது, ஊகம் எது என்பதையும் பிரித்துவிடுகிறேன். உங்கள் ஓட்டத்தில் பெட்ரோல் மிச்சம் சிறிய தொகை என்பது கணக்கு, அதில் சந்தேகமில்லை. லிட்டருக்கு 18-க்குப் பதிலாக 20 கிலோமீட்டர் கொடுத்தாலும் மாதத்துக்கு 55 வெள்ளிதான் ஆகும். பன்னிரண்டு வயது தாண்டிய நிக்கல் பேட்டரி, மாற்றப்படாமல் இருந்தால், தன் ஆயுளின் கடைசிப் பகுதியில் இருக்கிறது என்பதும் உறுதி. அது அடுத்த மாதம் போகுமா, நாலு ஆண்டு கழித்துப் போகுமா என்பது ஊகம். பதினைந்து ஆண்டு ஓடியதையும் பார்த்திருக்கிறேன், எட்டே ஆண்டில் போனதையும் பார்த்திருக்கிறேன். ஜாஸின் உரிமையாளர் பேட்டரியை அண்மையில் மாற்றியிருந்து, ரசீதும் எழுத்து மூலமான உத்தரவாதமும் காட்டினால், என் எண்ணம் பாதி மாறும். நீங்கள் கோலாலம்பூர் நெரிசலில் ஆண்டுக்கு 35,000 கிலோமீட்டர் ஓட்டுபவராக இருந்து, கையில் இன்னும் கூடுதல் பணமும் இருந்தால், பேட்டரி உத்தரவாதம் மிச்சமிருக்கும் புதிய ஹைபிரிட் ஒன்றையே பரிந்துரைப்பேன். நின்று நின்று போகும் சாலையில்தான் அந்த முறை தன் முழுப் பலனைத் தரும். திறந்த சாலையில் ஒரே வேகத்தில் போகும் உங்கள் பயணத்தில் அதற்கு வேலை குறைவு.

ஆகவே, நான் பெஸ்ஸாவின் பக்கம். மேலே சொன்ன சோதனைகளில் அது தேறி, 29,500 அளவுக்கு விலை இறங்கினால் வாங்குங்கள். மிச்சத்தில் எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், குளிர்விப்பு நீர், பிரேக் எண்ணெய் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள், பழைய உரிமையாளர் மாற்றினேன் என்று சொன்னாலும். தேறவில்லை என்றால் இன்னொரு பெஸ்ஸா கிடைக்கும். ஈப்போவில் ஒரு வாரத்துக்குள் நாலைந்து பார்த்துவிடலாம். அதுவரை வீராவை ஓட்டத்தான் வேண்டும் என்றால், ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறிய பிறகு மட்டும் திறந்து தினமும் நீரைப் பாருங்கள். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டினால் உடனே ஓரம் கட்டி நிறுத்துங்கள். டயாலிசிஸ் நாள்களில் மட்டும் அதை நம்ப வேண்டாம், பக்கத்து வீட்டுக் காரையோ வாடகைக் காரையோ ஏற்பாடு செய்து கொள்ளுங்கள்.

வீராவைக் கொடுக்கும்போது இரண்டு காரியம் மறக்க வேண்டாம். ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கேட்காமல் ஓட்டியிருந்தால் உங்கள் காப்புறுதித் தள்ளுபடி 55 விழுக்காட்டில் இருக்கும். அது காருக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது. புதிய காரின் காப்புறுதிக்கு அதை மாற்றித் தரும்படி கேளுங்கள், விற்பனையாளர் தானாகச் சொல்ல மாட்டார். பழைய இரும்புக்காரரிடமே கொடுத்தாலும், ஜேபிஜே பதிவில் உங்கள் பெயரை நீக்கியதற்கான சான்று கைக்கு வந்த பிறகு சாவியைக் கொடுங்கள். பெஸ்ஸாவைப் பார்க்கப் போகும் நாளுக்கு முன் சாசி எண், மீட்டர் அளவு, சேவைப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் ஆகியவற்றைப் படம் எடுத்து இங்கேயே போட்டால், என்னால் முடிந்தவரை பார்த்துச் சொல்கிறேன். சாசி எண்ணின் கடைசி நாலு இலக்கங்களை மட்டும் மறைத்துவிடுங்கள்.